பனியில்லாக் குளிர்காலம்: டேனியல்கள் வரைந்த சென்னையும் இலண்டனில் பிறந்த வானமும்

சென்ற தை மாதம் ஒரு கருத்தரங்கில் காலனியக் காலச் சென்னையின் தெருப்பெயர்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். தொடக்கத்தில் ஒரு படத்தைத் திரையில் காட்டினேன். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘கீழ்த்திசைக் காட்சிகள்’ என்னும் பெருந்தொகுதியின் இரண்டாம் வரிசையில் உள்ள படம் அது: ‘சென்னை, கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி’. காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ‘1793ஆம் ஆண்டு சனவரி மாதத்துச் சென்னையின் ஒளியை இந்த வானத்தில் காண்கிறோம்’ என்று அழகுக்காக ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன். உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். “தம்பி, கட்டிடம் சென்னைக் கட்டிடம், சரி. அந்த வானம் சென்னை வானந்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தனர். நானும் சிரித்தேன். விடை மட்டும் வரவில்லை.

அந்தக் கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த விடையே இந்தப் பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

குளிர்கால நகரம் என்றதும் நம் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் நம்முடையதன்று. கூரைமேல் வெண்பனி, இலையுதிர்ந்த மரம், பனியில் பதிந்த காலடி, ஒளிரும் ஒற்றைச் சன்னல். இந்தக் காட்சிக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்ததில் ஐரோப்பியப் புனைவியல் காலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிக் 1811இல் தீட்டிய குளிர்கால நிலக்காட்சியில், ஊன்றுகோல்களைப் பனியில் எறிந்துவிட்டு ஒருவன் பாறையில் சாய்ந்து வேண்டுகிறான். தொலைவில் மூடுபனிக்குள் ஒரு தேவாலயம் நிழலாக எழுகிறது. அவருடைய வழியில் வந்த எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஓமே 1821இல் தீட்டிய ‘குளிர்காலத்தில் பேராலயம்’ என்னும் ஓவியத்தில் துறவியர் பனி படர்ந்த முற்றத்தைக் கடந்து ஒளி தெரியும் வாயிலை நோக்கிச் செல்கின்றனர். இந்த ஓவியங்களில் பனி வெறும் வானிலையாக நின்றுவிடவில்லை. சாவு, காத்திருப்பு, மீட்பு ஆகியவற்றையெல்லாம் அதன்மேல் ஏற்றி வைத்தனர். பின்னாளில் வாழ்த்தட்டைகளின் வழியாக அந்தப் பனி நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. சித்தூரில் நான் படித்த பள்ளியில், பனிபெய்யும் ஊரைப் பார்த்தே இராத நாங்கள், மார்கழியில் பஞ்சை ஒட்டிப் பனிவீடு செய்திருக்கிறோம்.

அப்படியானால் அதே காலத்தில் நம் பக்கத்து நகரம் ஒன்றைக் குளிர்காலத்தில் யாரேனும் வரைந்தார்களா? வரைந்தால் அதில் குளிர்காலம் எங்கே தெரிகிறது? கருத்தரங்கில் நான் காட்டிய படம் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஏற்றது.

தாமஸ் டேனியல் 1749இல் பிறந்தவர். தந்தை சத்திரம் நடத்தியவர். மகன் வண்டிகளுக்கு வண்ணமும் மரபுச்சின்னமும் தீட்டும் தொழிலில் பயிற்சி பெற்று, பின்னர் 1773இல் அரசு கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். நிலக்காட்சி ஓவியராக இலண்டனில் பெயரெடுக்க இயலாத நிலையில், உடன்பிறந்தார் மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு 1785இல் கப்பலேறினார். வில்லியமுக்கு அப்போது வயது பதினாறுதான். சீனம் வழியாக 1786இல் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரின் காட்சிகள் பன்னிரண்டைத் தாமே செப்புத்தகட்டில் பொறித்து 1788க்குள் வெளியிட்டனர். பின்னர் கங்கை வழியே வடக்கே சென்று, 1789இல் கட்வால் மலைநாட்டின் ஸ்ரீநகரை எட்டினர். ஐரோப்பிய ஓவியர்கள் அதற்குமுன் அங்குச் சென்றதாகத் தெரியவில்லை. இமயத்தின் பனிமுடிகளைக் கண்ணால் கண்டு வரைந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பனி என்றால் என்ன, அதை எப்படி வரைவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கல்கத்தாவில் ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்றுத் தென்னகப் பயணத்துக்குப் பணம் திரட்டினர். 1792 மார்ச்சு இறுதியில் சென்னையில் இறங்கினர். அதே மாதத்தில்தான் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்திருந்தது. திப்புவின் நாட்டைப் படத்தில் பார்க்க இலண்டன் காத்திருந்தது. காலம் வாய்த்தது என்பதைத் தாமஸ் நன்கு உணர்ந்திருந்தார். ஏப்ரல் தொடக்கத்திலேயே பல்லக்குகள், குதிரைகள், பொதிமாடுகள், ஏறத்தாழ ஐம்பது ஆட்கள் என்று ஒரு சிறு ஊரே புறப்பட்டது. வேலூர், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூரு என்று சென்று, பின்பு தெற்கே திரும்பிச் சங்ககிரி, திண்டுக்கல், மதுரை, பாபநாசம், குமரிமுனைப் பக்கம் வரை சென்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சை வழியாக 1793 சனவரியில் சென்னைக்குத் திரும்பினர்.

இவ்விடத்தில் எங்கள் மாவட்டத்துக்காரனாக ஒரு சிறு மனக்குறை. அதற்கு முந்தைய ஆண்டு, 1791 பிப்ரவரியில், கார்ன்வாலிஸ் தன் படையைத் தெற்குக் கணவாய்க்குக் கொண்டுசெல்வதுபோலப் போக்குக்காட்டிவிட்டு, சித்தூர்ப் பக்கம் திரும்பி மொகிலி கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தில் ஏறினார். பீரங்கிகள் அந்த வழியாகவே போயின. ஓவியர்களோ தெற்குவழியைத் தேர்ந்தனர். ஒரு நாள் நடை வடக்கே தள்ளிச் சென்றிருந்தால் சித்தூர்க் குன்றுகளுக்கும் ஒரு தகடு கிடைத்திருக்கும். சந்திரகிரிக் கோட்டையும் ராஜமகாலும் கிடைத்திருக்கும். சந்திரகிரியை நான் வெறும் ஊர்ப்பற்றால் சொல்லவில்லை. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்தபோது அவருக்குமேல் இருந்த விசயநகர அரசு சந்திரகிரியைச் சார்ந்தே இயங்கியது. டேனியல்கள் வரைந்த நகரத்தின் பிறப்பில் எங்கள் பக்கத்துக்கும் பங்குண்டு.

இனிக் கறுப்பர் நகரத்துக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இந்தப் படத்தில் இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து 1749இல் திருப்பித் தந்தபின், கோட்டையிலிருந்து சுடுவதற்குத் தடையில்லாத வெளி வேண்டும் என்று அந்த நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பகுதிகளுக்குத் தள்ளப்பட்டனர். அதுவே புதிய கறுப்பர் நகரம். 1906இல்தான் அதற்கு ஜார்ஜ் டவுன் என்னும் பெயர் வந்தது. டேனியல்கள் வரைந்தது இந்த இரண்டாம் நகரத்தை. இரண்டாம் வரிசையில் சென்னைக்கு மொத்தம் ஆறு காட்சிகள். கடலிலிருந்து கோட்டை, கோட்டையின் மேற்கு வாயில், அரசினர் மாளிகை, பரங்கிமலைச் சாலையின் ஆர்மீனியப் பாலம், குதிரைப்பந்தய வெளியின் கூடல்மண்டபம், இந்தக் கறுப்பர் நகரம். ஆறில் இந்நாட்டு மக்களின் குடியிருப்பைப் பொருளாகக் கொண்டது இது ஒன்றே. தெருப்பெயர் ஆய்வுக்கு இதை நான் எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

சென்னையில் டேனியல்கள் இருமுறை தங்கினர் என்பது மேலே சொன்னவற்றிலிருந்து புலப்படும். முதல்முறை 1792 மார்ச்சு இறுதி, ஏப்ரல் தொடக்கம். கோடை வாயில் திறக்கும் நாள்கள். இரண்டாம்முறை 1793 சனவரி தொடங்கிச் சில வாரங்கள். தமிழ்க் கணக்கில் முன்பனி முடிந்து பின்பனி தொடங்கும் காலம். அந்த வாரங்களில் எஞ்சிய ஓவியங்களை இங்கேயும் குலுக்கலில் விற்றுவிட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டனர். முதல் தங்கல் பயண ஏற்பாட்டிலேயே கழிந்திருக்கும். இரண்டாம் தங்கலில்தான் நகரத்தை நிதானமாக வரைய நேரம் வாய்த்திருக்கும். ஆகவே இது குளிர்காலச் சென்னை என்று நான் முடிவு கட்டியதில் ஏரணப் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. சனவரி என்பதைப் பயண நாள்களிலிருந்து நானாகக் கணித்துக்கொண்டு, அது படத்திலேயே தெரிவதாகச் சொல்லிவிட்டேன்.

படத்தில் என்ன தெரிகிறது? வெள்ளைச் சுவர்கள், தட்டையான மொட்டைமாடிகள், சிறிய மனித உருவங்கள், அவற்றுக்குமேல் அகன்ற வானம். இதில் மார்ச்சு எது, சனவரி எது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. நம் கடற்கரையில் அந்த இரு மாதங்களுக்கும் இலையிலும் நிலத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சனவரியில் சென்னையின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை. இங்கிலாந்தில் அது கோடைப்பகல்.

படம் எப்படி உருவாயிற்று என்பதில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. டேனியல்கள் இடத்தில் வரைந்தவை பென்சில் கோடுகளும் மெல்லிய நீர்ச்சாயமும். கோணம் பிசகாதிருக்க, காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டியையும் பயன்படுத்தினர். கட்டிடங்களின் அளவும் விகிதமும் நம்பத்தக்கவை என்று கட்டிடக்கலை வரலாற்றாசிரியர்கள் கருதுவதற்கு அதுவே காரணம். ஆனால் நாம் பார்க்கும் அச்சுப்படம் 1794இல் அவர்கள் இங்கிலாந்து திரும்பியபின் உருவானது. அதன் பெயர் அக்வாடின்ட். செப்புத்தகட்டின்மேல் குங்கிலியத்தூளைத் தூவிச் சூடேற்றினால் துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால் துகள்களுக்கு இடையே உள்ள செம்பை அமிலம் அரிக்கும். சிறிது நேரம் அரித்தால் இளநிறம், நெடுநேரம் அரித்தால் ஆழ்நிறம். வெண்மையாக இருக்கவேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி அமிலம் படாமல் காத்துவிடுவர். இப்படி ஓரிரு சாயங்களில் அச்சான தாளுக்குப் பின்னர் தூரிகையால் நீர்வண்ணம் ஏற்றினர். வானத்தின் நீலமும் முகிலோரத்துச் செம்மையும் அந்தக் கடைசிக் கட்டத்தில் வந்தவை. இலண்டனில், ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தை அடுத்த ஹௌலண்ட் தெருவில், சென்னையை ஒருநாளும் கண்டிராத கைகளும் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். கையால் தீட்டியதால் ஒரு பிரதியின் வானம் இன்னொரு பிரதியின் வானத்தோடு அப்படியே ஒத்திருப்பதுமில்லை.

‘கீழ்த்திசைக் காட்சிகள்’ 1795இல் வெளிவரத் தொடங்கி 1808இல் 144 படங்களோடு நிறைவுற்றது. முழுத்தொகுதியின் விலை 210 பவுன். முதல் தகடுகள் தாங்கிய நாள் 1795 மார்ச்சு. அப்படியெனில் அவை அமிலத்தில் அரிபட்டு அச்சேறிக்கொண்டிருந்தது அதற்கு முந்தைய வாரங்களில். 1795 சனவரி, நடு இங்கிலாந்தின் நெடிய வெப்பநிலைப் பதிவேட்டிலேயே மிகக் குளிர்ந்த சனவரி. மாதச் சராசரி உறைநிலைக்குக் கீழே 3.1 பாகை. அந்தக் குளிர்காலத்தில்தான் நெதர்லாந்தின் ஆறுகள் உறைந்து, பிரெஞ்சுப் படை பனிக்கட்டிமேல் நடந்து நாட்டைப் பிடித்தது. டச்சு அரசு வீழ்ந்ததால் அதே ஆண்டில் திருகோணமலையும் யாழ்ப்பாணமும், 1796 பிப்ரவரியில் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. ஐரோப்பாவின் ஆற்றுப்பனி நம் கடற்கரை வரலாற்றுக்குள் புகுந்த அரிய தருணம் அது. நமக்கு வேண்டிய செய்தி அதைவிடச் சிறியது. இந்திய வெயிலை இலண்டன் வாசகனுக்குக் காட்டிய முதல் தகடுகள், தேம்சுக் கரையின் கொடுங்குளிரில் அடுப்பருகே உருவானவை. சென்னைப் படங்கள் உள்ள இரண்டாம் வரிசை 1797, 1798ஆம் ஆண்டுகளுக்கு உரியது. அவற்றின் வெயிலும் நான்கைந்து ஆண்டு நினைவிலிருந்து எடுத்த வெயில்.

எல்லாம் கற்பனை என்று சொல்ல வரவில்லை. ஒன்பது ஆண்டு கீழ்த்திசையில் கழித்தவர்கள் அவர்கள். வில்லியமின் கண்ணும் கையும் இங்கேயே முதிர்ந்தன. 1822இல் அரசு கலைக்கழகத்தின் முழு உறுப்பினர் இடத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் அவர் வென்றார், ஜான் கான்ஸ்டபிள் தோற்றார். வானத்தைப் படிப்பதற்கென்றே ஹாம்ஸ்டெட் மேட்டில் நாள், மணி, காற்றின் திசை குறித்து முகில்களைத் தீட்டிக்கொண்டிருந்தவர் கான்ஸ்டபிள். கலைவரலாறு பின்னாளில் யாரைப் பெரியவராக்கியது என்பது வேறு கதை. ஆனால் எந்த நாளின் வானம் என்று ஓர் ஓவியத்தைக் கேட்கலாம் என்னும் எண்ணமே கான்ஸ்டபிள் போன்றோரால் வலுப்பெற்றது. டேனியல்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது என் அறியாமை.

படத்தின் வெண்மைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பனிபெய்த ஐரோப்பிய ஊரை அக்வாடின்ட்டில் அச்சிட வேண்டுமானால் கூரையையும் தெருவையும் வார்னிஷ் பூசிக் காத்து, வெறுந்தாளாக விடுவர். பனி என்பது அங்கே மை படாத தாள். சென்னைப் படத்தில் மை படாமலோ மிகக் குறைவாகப் பட்டோ நிற்பது சுண்ணாம்புச் சுவர். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சென்னைச் சுண்ணச்சாந்து பளிங்குபோல் மின்னியதைப் பார்த்து வியந்து எழுதாத பயணியர் குறைவு. 1780இல் இங்கு வந்திறங்கிய வில்லியம் ஹாட்ஜஸ் கடலிலிருந்து நகரத்தைப் பார்த்து, அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்னும் பொருள்பட எழுதினார். இந்த ஹாட்ஜஸ், கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ஓவியராகச் சென்று தென்முனைக் கடலின் பனிப்பாறைகளை நேரில் கண்டு வரைந்தவர். பனிப்பாறையைத் தாளில் வெண்மையாக விடப் பழகிய கை, அடுத்து வெண்மையாக விட்டது இந்நாட்டுச் சுவர்களை. ஐரோப்பிய ஓவியனின் கருவிப்பெட்டியில் பனிக்கும் சுண்ணத்துக்கும் ஒரே உத்திதான் இருந்தது. கறுப்பர் நகரம் என்று பெயரிட்ட ஊரை அவர்கள் வெள்ளையாக அச்சிட்டது தனி நகைமுரண்.

அப்படியானால் சென்னையின் குளிர்காலம் அந்நகரத்தாருக்கு எதில் தெரிந்தது? நிச்சயமாக வெண்மையில் அல்ல. ஒன்று கடல். துறைமுகம் இல்லாத சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் பொருளும் மசூலாப் படகில் அலைகடந்து கரையேறின. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அஞ்சிக் கப்பல்கள் அங்கு நிற்பதில்லை. தை பிறக்கும்போது கடலில் பாய்மரங்கள் மீண்டும் தென்படும். படகோட்டிக்கும் துபாஷிக்கும் சுமைகூலிக்கும் பருவம் மாறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கடலிலிருந்து கோட்டையைக் காட்டும் டேனியல் படத்தில் அலையும் படகும் இருக்கின்றன. ஆனால் பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்தால்தான் அது ஒரு பருவத்தின் படமாகும்.

இரண்டாவது, மனிதர் செய்கை. இங்கேதான் நம் இலக்கியம் ஓவியனைவிட முன்னே நிற்கிறது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை, 188 அடிகளில் எழுதிய குளிர்கால நகர ஓவியம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வாடைக்காற்றும் தூவலும் நீங்காத கூதிர்க்காலம். ஊருக்கு வெளியே ஆயர் மேட்டுநிலத்துக்கு மந்தையை ஓட்டிச்சென்று, கொள்ளியில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். ஊருக்குள்ளே கள்ளுண்ட வலிய மாந்தர் தூறலைப் பொருட்படுத்தாமல் அகன்ற தெருவில் திரிகின்றனர். பொழுது சாய்ந்ததா இல்லையா என்று வானத்தைப் பார்த்து அறிய முடியாத மகளிர், தட்டிலிட்ட பிச்சிமொட்டு விரிந்து மணப்பதைக் கொண்டு மாலையென உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். மாடப்புறா இரை தேடப் போகாமல் ஒரே பலகையில் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. விசிறி சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறது. சன்னல்கள் அடைத்திருக்கின்றன. குளிர்ந்த நீரை எவரும் தொடுவதில்லை, தடவு என்னும் நெருப்புச்சட்டியைச் சுற்றியே வீடு இயங்குகிறது. குளிரில் நெகிழ்ந்து பண் திரிந்த யாழ்நரம்பை, பாடும் மகளிர் மார்பின் வெம்மையில் தடவிச் சரிசெய்கின்றனர்.

இந்த நகரத்தில் வெண்பனி ஒரு துளியும் இல்லை. குளிரோ அடிதோறும் இருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் பொருள்களைக் கொண்டு பருவத்தைக் காட்டுவது புலவர் கையாண்ட முறை. அரைகல், விசிறி, குளிர்நீர்க் குடம் ஆகியவை சும்மா இருப்பதே செய்தி. ஓவியன் தெருவின் நடுவே நின்று வானத்தையும் முகப்பையும் பார்க்கிறான். புலவரின் நோக்கு வீட்டுக்குள்ளே விசிறி தொங்கும் மூலைவரை செல்கிறது. டேனியல்கள் கறுப்பர் நகரத்து வீடுகளின் முகப்போடு நின்றனர். அயலாருக்கு உள்ளே நுழைவு கிடைத்திராது என்பதும் உண்மை.

மொழியியல் படித்தவன் சொற்களைத் தொடாமல் விட முடியவில்லை. தமிழில் பனி என்பது முதலில் பெய்யும் துளி, ஈரக்குளிர். கண்ணீருக்கும் அந்தச் சொல் வரும். நடுங்குதலுக்குப் பனித்தல் என்பது பழைய வினை. பொருளின் மையம் உடல் உணரும் குளிரில் இருக்கிறது, கண்காணும் வெண்மையில் இல்லை. இமயத்தைச் சொல்ல வேண்டியபோது சங்கப்புலவர்கள் அதே சொல்லை நீட்டிக்கொண்டனர். ஐரோப்பியப் பருவங்களை மொழிபெயர்க்க வேண்டிவந்த இக்காலத்தில்தான் வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி, மூடுபனி என்று அடைகொடுத்துப் பிரித்து வழங்குகிறோம்.

தெலுங்கில் ‘மஞ்சு’ அதே சுமையைத் தாங்குகிறது. துளியும் மஞ்சு, இமயப்பனியும் மஞ்சு. மூடுபனிக்குப் ‘பொகமஞ்சு’, அதாவது புகைமஞ்சு. தமிழ் மஞ்சு மலைமேல் தவழும் வெண்முகிலாகவே பெரிதும் நின்றுவிட்டது. கன்னடத்திலும் மலையாளத்திலும் உள்ள இணைச்சொற்கள் தெலுங்கைப்போலப் பனிக்கும் செல்கின்றன. சித்தூர்த் தமிழ் வீடுகளில் இந்த எல்லை தினமும் கலைகிறது. என் பாட்டி மார்கழியில் வாசற்கதவைத் திறந்துபார்த்துவிட்டு, “மஞ்சு கொட்டுதுடா, தலையில துண்டு போடு” என்பார். தமிழ் முகிலையா தெலுங்குப் பனியையா சொன்னார் என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடிந்ததில்லை. மேலே மலையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாக வைத்த வேங்கடத்தில், மார்கழி முழுதும் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிப்பது அந்த மஞ்சுக்குள்தான்.

தமிழகத்திலேயே உறைபனி காணும் நகரம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உதகையில் டிசம்பர், சனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ஆனால் டேனியல்கள் வந்தபோது அங்கே நகரமே இல்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819இல். உதகையைப் படமாக்கியவர்கள் அடுத்த தலைமுறையினர். அவர்கள் அங்கே தேடியது பெரும்பாலும் இங்கிலாந்தின் சாயலை. அதைத் தனியே எழுத வேண்டும்.

பேராசிரியர் கேட்டதற்கு என் விடை இது. கோடு சென்னையினுடையது, வானம் இலண்டனுடையது. நம் ஆய்வேடுகளிலும் நூல் அட்டைகளிலும் டேனியல் படங்களை ‘1792இல் சென்னை’ என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறோம். வரைந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, வண்ணமேற்றிய கை ஆகிய மூன்றும் அந்த ஒரு வரிக்குள் கரைந்துவிடுகின்றன. கட்டிடத்தின் உயரத்துக்கும் தூணின் எண்ணிக்கைக்கும் அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டலாம். ஒளிக்கும் நிறத்துக்கும் பருவத்துக்கும் காட்டினால், என்னைப்போல எழுந்து நின்று விழிக்க நேரும்.

என் கட்டுரையில் படக்குறிப்பைத் திருத்திவிட்டேன்: ‘சென்னையில் வரைந்தது 1792–93, இலண்டனில் பொறித்து வண்ணமேற்றியது 1797–98.’ ‘சனவரி ஒளி’ பற்றிய வாக்கியத்தை நீக்கிவிட்டேன். நீக்கியபின் கட்டுரை சற்று வறண்டுவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

ஓர் உதவி வேண்டும். ‘கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி’ படத்தின் அசல் அச்சுப்பிரதியை நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ பார்த்தவர்கள், அதன் வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வெவ்வேறு பிரதிகளின் வானங்களை வரிசையாக வைத்துப் பார்க்க ஆசை.